தங்கை வீட்டுத் தெற்கு யன்னல்

என் தங்கை ஆறு குளிர்காலங்களை உடுப்புத் தோய்க்கும் அறைக்குள் கழித்தாள். அதற்குக் காரணம் நான். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள முதல் இரண்டு மாதங்களுக்கு மட்டுமே எனக்கு உரிமை உண்டு. மிச்சக் காலமெல்லாம் தெரிந்துகொண்டே இருந்தேன். இப்போது வயது போய்விட்டது, எழுதி வைத்துவிடுகிறேன்.

நான் கொழும்பில் கட்டடக்கலை படித்தவன். கடைசி ஆண்டில் ஆளுக்கொரு ஆய்வுக்கட்டுரை எழுதவேண்டும். மற்றவர்கள் கோயில், விகாரை, ஒல்லாந்தர் கோட்டை என்று போனார்கள். அவற்றைப் பற்றி எழுதினால் ஓர் ஆபத்து இருந்தது. பரீட்சகர் அந்த இடத்தைப் பார்த்திருப்பார். குறுக்குக் கேள்வி கேட்பார். எங்கள் நூலகத்தின் மூலையில், ஏதோ ஒரு வட ஐரோப்பியத் தூதரகம் அன்பளிப்பாகக் கொடுத்த புத்தகங்கள் ஓர் அலுமாரி நிறைய இருந்தன. ஒருவரும் திறக்காததால் பக்கங்கள் ஒட்டிக் கிடந்தன. அவற்றைக் கத்தியால் பிரித்துப் படித்து, நோர்டிக் கட்டடப் பாணிகளின் வரலாறு என்று ஒரு கட்டுரை எழுதினேன். நான் பனியைக் கண்டதில்லை. பரீட்சகரும் கண்டதில்லை. முதல் தரத்தில் சித்தியடைந்தேன்.

எண்பதுகளின் முடிவில் ஒக்லாந்துக்கு வந்தபோது அந்தப் பட்டத்தை இங்கே ஒருவரும் மதிக்கவில்லை. நகரத்தில் ஒரு சிறிய அலுவலகத்தில் கட்டட வரைபடம் கீறுபவனாகச் சேர்ந்தேன். அவர்கள் கட்டியது கார் நிறுத்தும் கராஜ்கள் மட்டும். மூன்று வருடங்களாகக் கராஜ் கீறினேன். கராஜில் ஒரு வசதி, அதற்குத் திசை கிடையாது. எந்தப் பக்கம் பார்த்து நிறுத்தினாலும் கார் குறை சொல்லாது.

அந்த நேரத்தில்தான் என் மச்சான் ஒக்லாந்துப் புறநகரான கிளென் ஈடனில் காணி வாங்கினார்.

எங்கள் குடும்பம் மாற்றுச் சம்பந்தம் செய்த குடும்பம். என் தங்கையை அவர் கட்டினார். அதே மாதத்தில் அவருடைய தங்கையை நான் கட்டினேன். ஊரில் பெரியவர்கள் இதை ஒரு பாதுகாப்பு என்று நினைத்துத்தான் செய்வார்கள். உன் தங்கை என் வீட்டில், என் தங்கை உன் வீட்டில், இருவரும் ஒழுங்காக நடப்போம் என்று ஒரு கணக்கு. மச்சான் வீட்டில் நான் ஒரு பிழை விட்டால் அது என் சொந்தத் தங்கையின் தலையில் விழும் என்பதும், அதைப் பற்றி மச்சானிடம் ஒரு சொல் சொன்னால் என் வீட்டில் மனைவி இரண்டு நாள் பேசமாட்டாள் என்பதும் அந்தக் கணக்கில் சேர்க்கப்படவில்லை.

மச்சான் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். பாபகூராவில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்கு ஒரு சனிக்கிழமை தங்கையுடன் வந்து, சாப்பாட்டு மேசையில் காணிப் படத்தை விரித்தார்.

"மச்சான், முன்னுக்கு ரெண்டு தூண் வேணும். உருண்டைத் தூண். மேல ஒரு வளைவு. றோட்டால போறவன் ஒருக்கா நிண்டு பாக்கோணும்."

"நிண்டு பாத்துப்போட்டு, பாங்க் எண்டு நினைச்சு உள்ளுக்கு வந்து காசு மாத்தலாமோ எண்டு கேப்பான்," என்றேன்.

"அப்ப உம்மட யோசனை என்ன? கராஜோ?"

அது என்னைச் சுட்டது. மூன்று வருடமாக ஒருவரும் என்னிடம் கேட்காத விஷயத்தை எடுத்து வைத்தேன். மத்தியானச் சாப்பாட்டில் தொடங்கியது, தேத்தண்ணி நேரம் வரை போனது. நோர்வேக்காரர் நிமிர்ந்த மரக்கம்பங்களை நட்டு, கூரைக்கு மேல் கூரையாக அடுக்கி, மீன் செதில் மாதிரிப் பலகை பதித்து, தார் பூசிக் கட்டிய பழைய தேவாலயங்களைச் சொன்னேன். அந்தக் கூரை முனைகளில் கிறிஸ்தவமும் பழைய தெய்வங்களும் சண்டை முடியாத காலத்து நாகத்தலைகள் நீட்டிக்கொண்டு நின்றதைச் சொன்னேன். மரப்பட்டை விரித்து அதன்மேல் மண்ணும் புல்லும் போட்ட குடியானவர் கூரைகளைச் சொன்னேன்.

"கூரையில புல்லெண்டா ஆர் ஏறி வெட்டுறது?" என்று தங்கை கேட்டாள்.

"ஆடு மேயும்."

"அப்ப வீட்டோட ஒரு ஆடும் ஏணியும் வாங்கோணும்," என்றாள். என் மனைவி சிரித்தாள். நான் நிறுத்தவில்லை.

சுவீடனில் செப்புச் சுரங்கத்துக் கழிவில் எடுத்த சிவப்புப் பூச்சை மரவீடுகளுக்குப் பூசினார்கள். பணக்காரன் செங்கல்லில் கட்டினான், இல்லாதவன் பலகையைச் செங்கல் நிறமாக்கினான் என்றேன். பிரபுக்கள் பிரான்சு நாட்டு மாளிகையைப் பார்த்து மரத்தில் கொப்பியடித்ததையும், பிறகு கொப்பியடித்து அலுத்துப்போய், எங்களுக்கென்று ஒன்று வேண்டும் என்று கருங்கல்லில் கரடியும் ஊசிமரக் காயும் செதுக்கியதையும் சொன்னேன். அதற்கும் பிறகு அலங்காரமெல்லாம் வேண்டாம், வெள்ளைச் சுவரும் வெளிச்சமும் போதும் என்ற காலம். அந்த வெள்ளை சுகாதார நிலையம் மாதிரி இருக்கிறது என்று சலித்து, மரத்துக்கும் செங்கல்லுக்கும் இளகித் திரும்பிய காலம்.

"எல்லாக் காலத்திலையும் ஒண்டு மட்டும் மாறேல்லை," என்றேன். "அங்க சூரியன் ஒரு விருந்தாளி. வருசத்தில பாதி நாள் வராது. வாற நேரம் அதுக்குப் பெரிய வாசல் திறந்து வைக்கோணும். அந்த வாசல் தெற்கு. ஹோலும் பெரிய யன்னலும் தெற்கு. வடக்குப் பக்கம் குளிர், அங்க சின்ன யன்னலோட சாமானறை, உடுப்புத் தோய்க்கிற லோண்டரி."

மச்சான் கண் கலங்கிவிட்டார். மனிதர் இருபது வருடமாக இருட்டறையில் படம் கழுவியவர். "தூண் வேண்டாம் மச்சான்," என்றார். "தெற்கு யன்னல் போடும்."

நான் போட்டேன்.

பூமியின் தென்பாதியில் சூரியன் வானத்தின் வடக்குப் பக்கமாகப் போகும் என்பது ஒக்லாந்தில் ஆறு வயதுப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கு ஏன் தெரியவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். யாழ்ப்பாணத்தில் சூரியன் தலைக்கு மேலே போகும். எந்தப் பக்கத்தால் வருகிறது என்று நாங்கள் பார்ப்பதில்லை. எந்தப் பக்கத்தால் தப்புவது என்றுதான் பார்ப்போம். ஒக்லாந்தில் நான் விடிய ரயிலேறி, யன்னல் இல்லாத ஓர் அறையில் கராஜ் கீறி, பொழுது சாயத் திரும்பினேன். பாபகூரா வீட்டு முன்னறையில் சனி ஞாயிறுகளில் நல்ல வெயில் வரும். வெயில் வருகிறபடியால் அந்தப் பக்கம் தெற்கு என்று புத்தகத்தைக்கொண்டு முடிவு செய்திருந்தேன். மூன்று வருடம் வடக்கைத் தெற்கு என்று நம்பி அதில் கால் நீட்டிப் படுத்திருக்கிறேன்.

ஒருவர் எச்சரித்தார். பக்கத்துக் காணிக்காரர், தமிழ்நாட்டிலிருந்து கணினி வேலைக்கு வந்தவர், படத்தைப் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"சார், தப்பா நினைக்காதீங்க. தெற்கு எமன் திசை. ஹாலை வடக்கே திருப்பிட்டீங்கன்னா நல்லது."

"தம்பி, நாங்கள் வேதக்காரர், சேர்ச்சுக்குப் போறவை," என்றேன். "எமன் எங்கட வீட்டுக்கு வாறேல்லை."

மூடநம்பிக்கை என்று காரில் வரும்போது மச்சானிடம் சொல்லிச் சிரித்தேன். அந்த மனிதர் தவறான காரணத்தோடு சரியாகச் சொன்னார். நான் சரியான காரணத்தோடு தவறாகக் கட்டினேன்.

இனித்தான் என் குற்றம் வருகிறது. அத்திவாரம் தோண்டுவதற்கு முன் முளையடித்து நூல் கட்டிய நாள் அது. கட்டுபவர் இந்த ஊர் வெள்ளைக்காரர், அதிகம் பேசாதவர். என் படத்தைக் கையில் வைத்துப் பார்த்தார். தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். பிறகு, இந்த ஊர் ஆட்கள் எல்லோரையும் கூப்பிடுகிற மாதிரி மேட் என்று கூப்பிட்டு, இது இப்படியா, இல்லை இப்படியா என்று மரியாதையாகக் கேட்டார். ஏன் என்றேன். பென்சிலால் வானத்தைக் காட்டி, வெயில் அந்தப் பக்கம் அல்லவா என்றார்.

மத்தியானம் பன்னிரண்டு மணி. நான் கீழே பார்த்தேன். என் நிழல், ஹோல் வரப்போகும் இடத்தில், பெரிய யன்னல் வரப்போகும் பக்கத்தை நோக்கி நீளமாகக் கிடந்தது.

எனக்கு அந்த நிமிடமே விளங்கிவிட்டது. முளைகளைப் பிடுங்கி வீட்டை மறுபக்கம் திருப்ப அரை நாள் போதும். நகரசபைக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கலாம். ஆனால் பத்தடி தள்ளி மச்சான் நின்றுகொண்டிருந்தார். தூண் கேட்டவர். கராஜோ என்று கேட்டவர். அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமைதான் தேவாலய மண்டபத்தில், ஆராதனைக்குப் பிறகு, என் தங்கை வீட்டை வைத்து நோர்டிக் பாணி பற்றி எல்லோருக்கும் பேசியிருந்தேன். முன்வரிசையில் ஒரு டாக்டர் குறிப்பெடுத்தார்.

"படத்தில உள்ளபடி," என்று கட்டுபவரிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். "இது நோர்டிக்."

அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் படத்தை மடித்தார்.

கூரை முனைக்கு ஒரு நாகத்தலை வேண்டும் என்று கேட்டிருந்தோம். பெரிய ஆசையோடு செதுக்கித் தந்தார். அது தாரா வாத்து மாதிரி இருந்தது. சிவப்புப் பூச்சு, செங்குத்துக் கூரை, உச்சியில் தாரா, தெற்கே சுவர் முழுக்கக் கண்ணாடி. அந்தக் கண்ணாடிக்கு வெளியே மரம்போல உயர்ந்த பன்னச் செடிகள் அடர்ந்த ஒரு மேடு.

புது வீட்டுக் குடிபூரல் டிசம்பரில் நடந்தது. இங்கே டிசம்பர் என்றால் நல்ல கோடை. வெளியே வெக்கை, ஹோலுக்குள் இதமான குளிர். வந்த சனம் எல்லாம் கண்ணாடிக்கு முன் நின்று உருகியது. "என்ன குளிர்ச்சி! ஊரில இப்பிடி ஒரு வீடு இருந்திருக்கோணும்," என்றார்கள். எங்கள் ஆட்கள் ஒரு வீட்டைப் புகழக்கூடிய உச்சப் புகழ் அது. போதகர் ஜெபத்தில்கூடக் குளிர்ச்சிக்கு நன்றி சொன்னார். நான் கண்ணை மூடிக்கொண்டு, ஒருவேளை நான்தான் சரியோ என்று நினைத்தேன்.

ஜூன் வந்தது, கூடவே குளிர்கால மாரியும். முதலில் கண்டுபிடித்தது பூனை. அது ஹோலை விட்டு லோண்டரிக்குக் குடிபோனது. இரண்டாவதாகத் தோசைமா. குசினியில் மூன்று நாள் வைத்தும் புளிக்காத மா, லோண்டரியில் ஒரே பகலில் பொங்கிச் சட்டியை விட்டு வெளியே வந்தது. தங்கை மாவுக்குப் பின்னால் போனாள். வடக்குப் பக்கத்தில், தோய்க்கும் மெஷினுக்கும் சுவருக்கும் இடையில், ஒரு புத்தக அளவு யன்னலால் மத்தியானம் வெயில் விழும். அந்த இடத்தில் ஒரு கதிரை போட்டாள். பிறகு தையல் மெஷினையும் கொண்டுபோனாள். அவள் வீட்டிலிருந்து பிள்ளைகளுக்கு உடுப்புத் தைத்துக் கொடுப்பவள். நாள் முழுவதும் அங்கேதான்.

அந்த வீட்டுக்கு விருந்துக்குப் போவது ஒரு தனி அனுபவம். மச்சான் ஹோலில் ஓவர்கோட்டும் கம்பளித் தொப்பியும் போட்டு உட்கார்ந்திருப்பார். வந்தவர்களை உட்காரவைத்து என் ஆய்வுக்கட்டுரையைத் தொடக்கத்திலிருந்து சொல்வார்.

"இது சும்மா யன்னல் இல்லை. நோர்டிக். அங்கத்தைய தத்துவம் என்னெண்டா, வெயிலை நேர விடுறேல்லை. வெளிச்சத்தை மட்டும் வடிச்சு எடுக்கிறது."

நான் அப்படிச் சொன்னதே இல்லை. முதல் மாரியில், ஏன் வெயில் வரவில்லை என்று அவர் கேட்டபோது ஏதோ முணுமுணுத்தேன். அதை அவர் வளர்த்துக்கொண்டார். மரத்தேவாலயக் காலத்தில் பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து லோண்டரிக்குப் போவார்கள். செப்புச் சுரங்கத்தில் பிள்ளைகள் போவார்கள். கருங்கல் கரடி வரும்போது ஆண்களும் "ஒரு நிமிசம்" என்று எழும்புவார்கள். வெள்ளைச் சுவர்க் காலத்துக்கு மச்சானும் நானும் மட்டும் மிஞ்சியிருப்போம். உள்ளே சவர்க்காரத் தூள் வாசனைக்கு நடுவே பன்னிரண்டு பேர் ஒருவர்மேல் ஒருவர் நெருங்கி நின்று தேத்தண்ணி குடிக்கும் சத்தம் கேட்கும். ஒரு முறை போதகர் வீட்டு ஜெபத்தையே அங்கே வைத்தார். ஜெபத்தின் நடுவில் மெஷின் உடுப்புப் பிழியும் கட்டத்துக்கு வந்து உதறியது. யாரும் கண் திறக்கவில்லை.

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அப்படி ஐந்து மாரி போனது.

ஆறாவது மாரியில் தங்கைக்கு இருமல் பிடித்து விடவே இல்லை. டாக்டர், அன்று குறிப்பெடுத்த அதே டாக்டர், வீட்டுக்குள் ஈரம் இருக்கிறதா, வெயில் படுகிறதா என்று கேட்டாராம். மச்சான் கோபப்பட்டு, வீடு இவளுடைய சொந்த அண்ணன் விஞ்ஞான முறைப்படி கட்டியது என்று சொல்லியிருக்கிறார். கடைசியில் என் மனைவிதான் ஒரே பிடியாக நின்று, தங்கையை இரண்டு கிழமைக்குப் பாபகூராவுக்குக் கூட்டிவந்தாள்.

எங்கள் வாடகை வீடு ஒரு பெட்டி. பாணி கிடையாது. முன்னறைக் கண்ணாடிக் கதவால் பத்து மணிக்கே வெயில் வந்து சோபாவில் ஏறும். தங்கை அதில் சுருண்டு படுத்து இரண்டு நாள் தூங்கினாள். மூன்றாம் நாள் கண்ணைத் திறந்து, வெயிலில் கையை விரித்துப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"அண்ணை, உங்கட வீட்டுக்குள்ள வெயில் தானா வருது. எங்கட வீட்டுக்கு ஏன் வாறேல்லை?"

"அது... காணியின்ர அமைப்பு," என்றேன்.

"ஓமோ," என்றாள். நம்பிவிட்டாள். நான் சொன்னதை அவள் சின்ன வயதிலிருந்தே நம்புகிறவள். மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் இருமல் வந்து அவளை எழுப்பியது.

குசினிக்குப் போனேன். மனைவி கறிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் முதலில் சொன்னேன். நூல் கட்டிய நாளில் என் நிழல் விழுந்த பக்கத்தையும் சொன்னேன். அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"இஞ்சருங்கோ, ஆறு வருசமா நான் என்ர அண்ணனைத் திட்டிக்கொண்டு வாறன், ஹீற்றர் வாங்கித் தராத கஞ்சன் எண்டு. ஒருக்காலாவது வாய் திறந்தீங்களோ? போய்ச் சொல்லுங்கோ. அண்ணனிட்டையும் சொல்லுங்கோ, அவளிட்டையும் சொல்லுங்கோ. சொல்லாமல் இந்த வீட்டுக்குச் சாப்பிட வராதேங்கோ."

அடுத்த ஞாயிறு தங்கையைக் கொண்டுபோய் விடும்போது போனேன். மச்சான் ஓவர்கோட்டில் இருந்தார். தங்கை உள்ளே போனதும், நேராகச் சொன்னேன்.

"மச்சான், இந்த வீடு பிழை. புத்தகத்தில தெற்கு எண்டது பூமியின்ர வடபாதித் தெற்கு. இஞ்ச வெயில் வடக்கால வரும். நான் ஹோலை எதிர்ப்பக்கம் போட்டிட்டன்."

அவர் என்னைக் கூர்ந்து பார்த்தார். "உமக்குக் காய்ச்சலோ?"

"இல்லை. பிழை விட்டது நான்."

"உமக்கு மறந்துபோச்சு மச்சான். கட்டுரையை விட்டுக் கனகாலம். இரும், சொல்லுறன்." மரத்தேவாலயத்திலிருந்து தொடங்கினார். இரண்டு முறை மறித்தேன். மூன்றாம் முறை கோபித்தார். "உம்மட சொந்த ஆராய்ச்சியை நீரே குழப்பாதேயும். இந்த யன்னலைப் பாக்க ஹில்ஸ்பரோவில இருந்தெல்லாம் சனம் வந்தது."

ஆறு வருடம் குளிருக்குள் உட்கார்ந்து கட்டிக்காத்த ஒரு விஷயத்தை அவர் விடத் தயாராக இல்லை. மன்னிப்புக் கேட்கப் போனவனுக்கு, நடந்தது குற்றமே இல்லை என்று தீர்ப்புச் சொன்னார். அவர் கருங்கல் கரடிக்கு வந்தபோது நான் எழும்பி லோண்டரிக்குப் போனேன்.

தங்கை தையல் மெஷினில் இருந்தாள். பூனை மாச்சட்டியில் சாய்ந்து கிடந்தது. அதே சொற்களை அவளுக்கும் சொன்னேன். தையல் நிற்கவில்லை. ஒரு கரை முழுவதையும் தைத்து முடித்து, நூலைப் பல்லால் கடித்துவிட்டுக் கேட்டாள்.

"எப்ப தெரியும்?"

இப்போதுதான் தெரிந்தது என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பாள்.

"நூல் கட்டின அண்டைக்கு," என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. அந்தச் சின்ன யன்னலைப் பார்த்தாள். மெஷின் மேல் இருந்த சவர்க்காரத் தூள் பெட்டியை எடுத்து, திரும்ப அதே இடத்தில் வைத்தாள்.

"மகள் பெரிசானதே இதுக்குள்ளதான், அண்ணை," என்றாள். "அவளுக்குச் சடங்குச் சாறிக்குச் சட்டை இந்த மூலையிலதான் தைச்சனான். இவர் அங்க தனியத் தொப்பியோட. இவரைப் பாக்கப் பாவமா இருந்தது. உங்களைப் பாக்கவும் பாவமா இருந்தது, அண்ணை பாவம், குளிருக்குள்ள இருந்து கேக்கிறார் எண்டு."

நான் அழுதேன் போல. மெஷின் உடுப்புப் பிழியத் தொடங்கியதால் இருவருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. அது நின்றதும் மன்னிக்கச் சொன்னேன்.

"அதைப் பிறகு பாப்பம்," என்றாள். எழும்பினாள். தையல் சுண்ணக்கட்டியை எடுத்து, வடக்குச் சுவரில் தலைக்கு மேலிருந்து முழங்கால் வரை ஒரு கோடு இழுத்தாள். பக்கத்துச் சாமானறைச் சுவரைத் தாண்டிப் போய் அங்கே இன்னொரு கோடு. இரண்டையும் மேலும் கீழும் சேர்த்தாள். இடையிலிருந்த சுவரில், இடிக்கச் சொல்லி, பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டாள்.

"இதை அளந்து கீறுங்கோ. யோசிக்க வேண்டாம்."

அளந்து கீறினேன். என் வாழ்க்கையில் நான் கீறிய ஒரே சரியான வீட்டுப் படம் அதுதான். அதை வடிவமைத்தது நான் இல்லை. மச்சான் ஒன்றும் மறுக்கவில்லை. "லோண்டரியில என்ன வேணுமெண்டாலும் செய்யுங்கோ. ஹோலைத் தொடாதேங்கோ," என்றார். அதே கட்டுபவரைக் கூப்பிட்டோம். படத்தை வாங்கினார், நேராகப் பார்த்தார், தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார், திரும்ப நேராக்கினார். பிறகு என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்துக்கு இன்றும் நன்றியுள்ளவனாக இருக்கிறேன்.

அந்த யன்னல் வந்து பல மாரி போய்விட்டது. தங்கையின் இருமல் நின்றது. மச்சான் இன்னும் ஹோலில்தான் உட்கார்கிறார். மத்தியானம் மட்டும் பூனையைப் பார்க்கப் போவதாகச் சொல்லி உள்ளே போய் ஒரு மணி நேரம் இருந்துவிட்டு வருவார். மன்னிப்பைப் பற்றித் தங்கை பிறகு பேசவே இல்லை. நானும் கேட்கத் துணியவில்லை. ஆனால் ஒவ்வொரு வருடமும் ஜூன் பிறந்து, மழை விட்ட முதல் நாள், பன்னிரண்டு மணிக்கு எங்கள் வீட்டில் போன் அடிக்கும்.

"அண்ணை, வெயில் வந்திட்டுது," என்பாள்.

"ஓம்," என்பேன்.

அவ்வளவுதான். வைத்துவிடுவாள். அது எனக்குத் தருவது மன்னிப்பா, தண்டனையா என்று இன்னும் தெரியவில்லை. ஜூன் மாதத்தில் பன்னிரண்டு மணிக்கு நான் எங்கும் போவதில்லை.